டவர் விழுந்த பிறகு வரும் செய்தியை எதை வைத்து நம்புவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊர்களில் இருக்கும் உங்கள் தன்னார்வலர் குழு சுமார் இருபது லோரா போர்டுகள் (குறைந்த சக்தியில் தொலைவுக்குச் சிறு செய்தி அனுப்பும் ரேடியோக் கருவிகள்) வாங்கி, அவற்றை ஒரே வலையாக இணைக்கும் மெஷ்டாஸ்டிக் மென்பொருளை ஏற்றி வைத்திருக்கிறது. 2018 கஜா புயலின்போது நடந்த மாதிரி கரண்டும் செல்போன் சிக்னலும் நாள்கணக்கில் போய்விட்டால், இந்தப் போர்டுகளே ஊருக்கு ஊர் செய்தியைக் கைமாற்றிக் கொண்டுபோக வேண்டும். "சேனலுக்கு 256 பிட் ஏஇஎஸ் சாவி போட்டுவிட்டோம். இது போதுமா, கருவிகள் ஒன்றையொன்று நம்புவதற்கு இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்கிரிப்ஷன், அதாவது ஏஇஎஸ் போன்ற முறையால் செய்தியைச் சாவி போட்டுப் பூட்டுவது, பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், அதற்குள் இருக்கிற கேள்வி வேறு. "பள்ளிக்கூட முகாமில் 200 பேர், தண்ணீர் ஏறுகிறது, படகு அனுப்புங்கள்" என்று திரையில் ஒரு செய்தி வந்தால், கையில் இருக்கிற ஒரே படகை அந்தப் பக்கம் திருப்பலாமா? இதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சாவி எத்தனை பிட் என்பது இதற்குப் பதில் சொல்லாது.

நான் கம்பியில்லா வலையமைப்புகளைப் பாடமாக நடத்துகிறவன், சிறிய அளவில் நிறுவியும் கொடுத்திருக்கிறேன். என் கைப்பழக்கம் சில பத்துக் கருவிகள் கொண்ட வலைகளோடு நிற்கிறது. ஆயிரம் நோடுகள் (வலையில் சேர்ந்த கருவிகள்) உள்ள வலையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் படித்ததுதான். நல்லவேளையாக உங்களுடையது சின்ன வலை.

முதலில், அட் ஹாக் வலையில் இந்தச் சிக்கல் ஏன் இவ்வளவு கடினம் என்று பார்ப்போம். செல்போனில் நம்பிக்கை ஓர் இடத்தில் குவிந்திருக்கிறது. சிம் கார்டுக்குள் ஒரு ரகசியச் சாவி, அதன் இன்னொரு பிரதி நிறுவனத்தின் கணினியில். இரண்டும் பொருந்தினால்தான் உள்ளே விடுவார்கள். டவரோ ரவுட்டரோ இல்லாமல் கருவிகளே தங்களுக்குள் பின்னிக்கொள்ளும் அட் ஹாக் வலையில் அப்படிக் கேட்டுச் சொல்ல ஆள் கிடையாது. அதோடு, ஒவ்வொரு கருவியும் தன் வேலையைப் பார்ப்பதுடன் அடுத்தவர் செய்தியைச் சுமக்கவும் வேண்டும். 1970களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்ப்பா ஆய்வு அமைப்பு பாக்கெட் ரேடியோ வலைகளைச் சோதித்தபோது, கருவிகள் எல்லாம் ஒரே கைக்குள் இருந்தன. அந்த நினைப்பு பின்னாலும் தொடர்ந்தது. அட் ஹாக் வலைகளுக்கு வழி தேடித் தரும் ஏஓடிவி என்ற நெறிமுறை 2003இல் வெளியானபோது, தனிப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடு எதையும் இது வரையறுக்கவில்லை என்று அந்த ஆவணமே வெளிப்படையாகச் சொன்னது. வலைக்குள் இருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்ற அடிப்படையில்தான் இந்தத் துறையே வளர்ந்தது.

ரகசியமும் நம்பிக்கையும் வேறு வேறு என்பதற்கு நம் அனுபவத்திலேயே சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, டெல்லியிலிருந்து போயிருந்த ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற தனிநபர்கள் இயக்கும் ரேடியோ) குழு ஒன்று தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே அவர்கள் செய்திகளைக் கொண்டுசேர்த்தார்கள். ஹாம் ரேடியோவில் என்கிரிப்ஷனுக்கு அனுமதியே கிடையாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இருந்தும் அந்தச் செய்திகளை நம்ப முடிந்தது. குரல் தெரியும், கால்சைன் (உரிமத்தோடு வரும் அழைப்புக் குறி) தெரியும், சந்தேகம் வந்தால் உடனே திருப்பிக் கேட்கலாம். உங்கள் வலையின் நிலை இதற்கு நேர் எதிர். எல்லாம் பூட்டியிருக்கிறது, ஆனால் பேசுவது யார் என்று தெரியாது.

ஏன் தெரியாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் சறுக்குவது இங்கேதான். மெஷ்டாஸ்டிக் சேனலில் இருபது போர்டுகளுக்கும் ஒரே சாவி. அந்தச் சாவி வைத்திருக்கும் எவரும் சேனலில் படிக்கலாம், எழுதலாம். எழுதுவதை வேறொருவர் பெயரிலும் எழுதலாம். அனுப்பியவரின் நோடு எண் பாக்கெட்டின் (காற்றில் போகும் செய்திப் பொதியின்) தலைப்பில் வெறும் எண்ணாக, பூட்டாமல் போகிறது. அது உண்மையா என்று சோதிக்கும் கையொப்பம் எதுவும் அந்தச் செய்தியோடு வருவதில்லை. ஆகவே ஒரு போர்டு தொலைந்தாலோ, சாவி இருக்கும் க்யூஆர் கோடை யாராவது வாட்ஸப் குழுவில் போட்டாலோ, இருபது பேர் பெயரிலும் பேசக்கூடிய ஒருவர் உருவாகிவிடுகிறார். சாவியே தெரியாதவர்கூடக் குறும்பு செய்யலாம். சேனல் செய்திகளுக்குப் பயன்படும் ஏஇஎஸ் சிடிஆர் முறையில், பூட்டிய செய்தியின் ஒரு பிட்டைத் திருப்பினால் திறந்த செய்தியிலும் அதே பிட் திரும்பும். செய்தியின் வடிவத்தை ஒருவர் சரியாக ஊகித்துவிட்டால், 20ஐ 90 ஆக்கி, மூலச் செய்தி எட்டாத ஊர்களுக்கு மறுபடி ஒலிபரப்ப முடியும். வழியில் மாற்றப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சரிபார்ப்புக் குறி சேனல் செய்தியில் இல்லாததுதான் காரணம். 128 பிட்டுக்குப் பதில் 256 பிட் போட்டதால் இதில் எதுவும் மாறாது. இன்னொன்று: சேனல் சாவியை மாற்றாமல் விட்டவர்கள் பயன்படுத்துவது உலகத்துக்கே தெரிந்த சாவி. நீங்கள் மாற்றிவிட்டீர்கள், அதுவரை சரி.

இதற்கு மெஷ்டாஸ்டிக்கிலேயே ஒரு மாற்று வழி இருக்கிறது. 2024இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக ஒரு பொதுச் சாவி (மற்றவர்களுக்குக் கொடுப்பது), ஒரு தனிச் சாவி (போர்டிலேயே ரகசியமாக இருப்பது) உண்டு. ஒருவருக்கு மட்டும் நேராக அனுப்பும் செய்தி அந்த இரண்டு போர்டுகளுக்கு மட்டுமே தெரிந்த சாவியால் பூட்டப்படுகிறது. சரிபார்ப்புக் குறியும் சேர்ந்து போகிறது. நடுவில் எத்தனை பேர் கைமாற்றினாலும் அவர்களால் படிக்க முடியாது, மாற்றினால் தெரிந்துவிடும். ஆகவே என் முதல் பரிந்துரை இதுதான்: படகு, மருந்து, ஆள் அனுப்புவது போன்ற எதுவும் எல்லாரும் பகிரும் பொதுச் சேனலில் வந்தால் அதைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவின் கட்டுப்பாட்டு அறைக்கு நேர்ச்செய்தியாக வந்தால்தான் கோரிக்கையாகக் கணக்கில் வையுங்கள்.

ஆனால் அந்தப் பொதுச் சாவி உண்மையில் அந்த ஊர்ப் போர்டினுடையதுதான் என்று யார் சொன்னது? மொத்த விஷயத்தின் மையம் இதுதான். இதைக் கடக்கும் கணித வழி எதுவும் இன்றுவரை இல்லை. 1999இல் கேம்பிரிட்ஜில் பிராங்க் ஸ்டஜானோ, ராஸ் ஆண்டர்சன் இருவரும் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக்குஞ்சு முதலில் அசைவதாகப் பார்ப்பதையே தாயாக ஏற்றுக்கொள்ளும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் கண்டதை எடுத்துக்கொண்டு, புதிய கருவியும் முதலில் சாவி கொடுப்பவரையே எஜமானாக ஏற்கட்டும் என்றார்கள். அந்த முதல் சாவியை எப்படிக் கொடுப்பது? காற்றில் அனுப்பாதே, கருவியைக் கருவியோடு தொட்டுக் கொடு என்பதே அவர்கள் பதில். 2007இல் ப்ளூடூத் 2.1 கொண்டுவந்த இணைப்பு முறையிலும் இதே எண்ணம் இருக்கிறது. இரண்டு திரையிலும் தோன்றும் ஆறு இலக்க எண் ஒன்றுதானா என்று நாம் கண்ணால் பார்த்து உறுதி செய்கிறோம். நடுவில் புகுந்தவர் ஒரு முயற்சியில் தப்பிக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. திரையே இல்லாத கருவிகளை எதையும் ஒப்பிடாமல் இணைக்க அனுமதிக்கும் முறையும் அதில் உண்டு. நடுவில் ஆள் புகுவதை அது தடுக்காது.

மெஷ்டாஸ்டிக் போர்டு ஒரு நோடின் பொதுச் சாவியை முதல் முறை காற்றில் கேட்டதும் அதையே நினைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு அதே நோடு எண்ணுக்கு வேறு சாவி வந்தால் எச்சரிக்கும். எனவே முதல் முறை சரியாக நடந்துவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. மழைக்காலம் தொடங்குமுன், ஆடி ஆவணிக்குள், இருபது பேரையும் போர்டோடு ஒரே கூடத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொருவரும் மற்றவரின் பொதுச் சாவியைத் திரையில் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 44 எழுத்துதான். எல்லாரும் எல்லாரோடும் ஒப்பிட நேரம் இல்லையென்றால், கட்டுப்பாட்டு அறையின் போர்டுகளோடாவது ஒவ்வொருவரும் கட்டாயம் ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டதும் அந்த நோடுகளை விருப்பப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். போர்டின் நினைவகம் சிறியது, நிறைந்துபோனால் பழைய நோடுகளை மறந்துவிடும். விருப்பப் பட்டியலில் உள்ளதை மறக்காது.

இதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2025இல் மெஷ்டாஸ்டிக்கில் ஒரு தீவிரமான பலவீனம் வெளிவந்தது. சில விற்பனையாளர்கள் ஒரே மென்பொருள் பிரதியைப் பல போர்டுகளில் அப்படியே ஏற்றி விற்றதால், வேறு வேறு ஆட்களிடம் போன போர்டுகளுக்குள் ஒரே சாவிகள் இருந்தன. சில வகைப் போர்டுகளில் சாவி உருவாகும்போது தற்செயல்தன்மையும் போதவில்லை. 2.6.11 பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள். உங்கள் போர்டுகள் எல்லாவற்றிலும் புதிய பதிப்பை நீங்களே ஏற்றி, பழைய சாவியை அழித்து, புதுச் சாவியை உருவாக்கிய பிறகே அந்தக் கூட்டத்தை வையுங்கள். அப்புறம், திரையில்லாத போர்டுகளில் ப்ளூடூத் பின் எண் 123456 என்றே வரும். அதை மாற்றாவிட்டால் பக்கத்தில் நிற்கும் யாரும் தன் போனை உங்கள் போர்டோடு இணைத்து, உங்கள் பெயரில், உண்மையான உங்கள் சாவியோடு செய்தி அனுப்பலாம். அதற்கு மேல் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

ஒப்பிடும் வேலையை அலுப்பென்று தள்ளிப்போடாமல் இருக்க பிரிட்ஜ்ஃபை கதையைச் சொல்கிறேன். ப்ளூடூத் மூலம் போனுக்குப் போன் செய்தி தாவும் செயலி அது. 2019 ஹாங்காங் போராட்டத்தில், இணையம் நின்றாலும் பேசலாம் என்று பலர் அதை இறக்கிக்கொண்டார்கள். 2020இல் லண்டன் ராயல் ஹாலோவே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, அனுப்புகிறவர் யார் என்று உறுதிசெய்யும் பயனுள்ள வழி எதுவும் அதில் இல்லை என்று தெரிந்தது. ஒருவர் இன்னொருவராக நடிக்கலாம், யார் யாரோடு பேசுகிறார்கள் என்று வரைபடம் போடலாம். பிரிக்கும்போது பூதாகரமாக வீங்கும் ஒரே ஒரு சுருக்கப்பட்ட செய்தியை அனுப்பி வலையையே படுக்கவைக்கலாம். அந்நிறுவனம் சிக்னல் என்ற மெசேஜிங் செயலியின் பூட்டும் நெறிமுறையை உள்ளே கொண்டுவந்தது. 2022இல் மறுபடியும் ஓட்டைகள் வெளிவந்தன. நல்ல பூட்டை வாங்கி வந்து பொருத்தினாலும், பொருத்திய விதத்தில் கோளாறு இருக்கலாம்.

இதுவரை சொன்னது சாவி, கையொப்பம் சம்பந்தப்பட்டது. அங்கே எது முடியும், எது முடியாது என்பது பெரும்பாலும் தெளிவு. இனி வரும் பகுதியில் அவ்வளவு உறுதி இல்லை. ஒரு நோடு உங்கள் செய்தியை உண்மையில் அடுத்தவருக்குக் கடத்துகிறதா, விழுங்கிவிடுகிறதா? 2000இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். நான் பக்கத்து நோடுக்குக் கொடுத்த செய்தியை அது திரும்ப ஒலிபரப்புகிறதா என்று நானே காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதன் மதிப்பெண்ணைக் குறைத்து, வேறு வழியில் அனுப்ப வேண்டும். 40 சதவீத நோடுகள் ஒழுங்காக நடக்காத சிமுலேஷனில், செய்தி போய்ச்சேரும் அளவு 17 சதவீதம் கூடியது. வழி தேடுவதற்கான கூடுதல் ஒலிபரப்பு 9 சதவீதத்திலிருந்து 17க்கு உயர்ந்தது. அதே கட்டுரையில் இதன் ஓட்டைகளையும் அவர்களே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள்: இரண்டு சிக்னல்கள் மோதினால் கேட்காது, எனக்கு மட்டும் கேட்கும்படி சக்தியைக் குறைத்து ஒருவர் ஏமாற்றலாம், இருவர் கூட்டுச் சேரலாம். அதன் பிறகு மதிப்பெண் போடும் முறைகள் ஏராளமாக வந்தன, பெரும்பாலானவை சிமுலேஷனோடு நிற்கின்றன.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் வலையில் கருவிக்கு மதிப்பெண் போடும் வேலை வேண்டாம். புயல் நேரத்தில் ஒரு நோடு பேசாமல் போனால், அது துரோகம் செய்கிறது என்பதைவிட பேட்டரி தீர்ந்தது, ஆன்டெனா சாய்ந்தது, தண்ணீர் புகுந்தது என்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். மதிப்பெண் முறை இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காது. நல்ல நோடைத் தண்டித்து ஒரு ஊரையே துண்டித்துவிடும். இதைவிட ஆழமான தடை ஒன்றும் உண்டு. 2002இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தின் ஜான் டவ்சர், ஒருவர் பல பெயர்களில் நுழைவதை சிபில் தாக்குதல் என்று குறிப்பிட்டு எழுதினார். அடையாளம் வழங்கும் மையம் ஒன்று இல்லாத வலையில், நடைமுறைக்கு ஒத்துவராத நிபந்தனைகள் இருந்தால் ஒழிய, இதை முழுவதும் தடுக்க முடியாது என்று காட்டினார். "ஐந்து நோடுகள் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன, அதனால் உண்மை" என்று கருவிகளே தங்களுக்குள் முடிவு செய்தால், அந்த ஐந்தும் ஒரே ஆளின் லேப்டாப்பிலிருந்து வந்திருக்கலாம். கூடத்தில் நேரில் ஒப்பிட்ட இருபது சாவிகளின் பட்டியல்தான் உங்களுக்கு அடையாள மையம். பட்டியலில் இல்லாதவர் எத்தனை பேராக வந்தாலும் எண்ணிக்கையில் சேராது.

செய்தியை விழுங்குவது, இரண்டு மூலைகளை ரகசிய இணைப்பால் சேர்த்து வழியைத் தன் பக்கம் இழுப்பது போன்ற தாக்குதல்களைப் பற்றியும் நீங்கள் படித்திருக்கலாம். அவை ஒற்றை வழியைத் தேர்ந்தெடுக்கும் வலைகளில்தான் அதிகம் கடிக்கும். உங்கள் வலையில் சேனல் செய்தி வெள்ளம்போல எல்லாத் திசையிலும் பரவுகிறது, ஒருவர் விழுங்கினாலும் இன்னொரு வழியாக வந்துசேர வாய்ப்புண்டு. செய்திக்கு இன்னும் எத்தனை தாவல் (போர்டுக்குப் போர்டு மறு ஒலிபரப்பு) பாக்கி என்ற எண் மட்டும் பூட்டாமல்தான் போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வழியில் உள்ளவர் ஒவ்வொருவரும் அதைக் குறைத்தாக வேண்டும். அதை ஒருவர் வேண்டுமென்றே சுழியாக்கலாம். அதனால்தான் கட்டுப்பாட்டு அறை ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதில் அனுப்ப வேண்டும், பதில் வராதவர் மறுபடி அனுப்ப வேண்டும் என்று விதி வையுங்கள். இந்த எளிய விதி ஈடுகட்டுவது நிறைய.

எல்லாச் செய்திக்கும் கையொப்பம் போட்டால் என்ன என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். இன்று பரவலாக இருக்கும் எட்25519 கையொப்பம் 64 பைட். மெஷ்டாஸ்டிக் பாக்கெட்டில் உங்களுக்குக் கிடைப்பதே சுமார் 237 பைட். தமிழில் எழுதினால் யூட்டிஎஃப்-8 குறிமுறையில் 'க' 3 பைட், 'க்' 6 பைட், 'கொ'வும் 6 பைட். கையொப்பம் போக மிச்சத்தில் நாற்பது எழுத்துக்கூடத் தேறுவது சந்தேகம். மெஷ்டாஸ்டிக்கின் வழக்கமான அமைப்பான லாங்ஃபாஸ்டில் வேகம் நொடிக்கு ஆயிரம் பிட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. நிறைந்த ஒரு பாக்கெட் காற்றை ஒன்றரை நொடிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நோடும் அதைத் திரும்பச் சொல்லும்போது இன்னும் அவ்வளவு. ஆகவே அடிக்கடி வரும் செய்திகளுக்குச் சின்னக் குறியீட்டுப் பட்டியல் ஒன்றை அச்சடித்து எல்லாரிடமும் கொடுங்கள். "முகாம் 4, ஆள் 200, படகு" என்பதை எண்களாகவே அனுப்பலாம். எழுத்துப்பிழையும் குறையும்.

இத்தனையும் செய்த பிறகும், செய்தி அந்தப் போர்டிலிருந்து வந்தது என்பதுதான் உறுதியாகும். போர்டு யார் கையில் இருக்கிறது, அவர் சொல்வது உண்மையா என்பதைக் கருவி சொல்லாது. 1999இலேயே ஷோ, ஹாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அட் ஹாக் வலையின் முதன்மைச் சாவியை ஒரே கருவியிடம் தராமல் பல துண்டாக்கிப் பலரிடம் கொடுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கையினர் சேர்ந்தால் மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும்படி செய்யலாம் என்றார்கள். ரகசியத்தைத் துண்டாக்கிப் பகிர ஆதி ஷமிர் என்ற கணினியியலாளர் 1979இல் தந்த கணக்கோடு உறவுள்ள முறை அது. உங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம், அதன் எண்ணம் போதும்: படகு கேட்கும் செய்திக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் நேர்ச்செய்தி உறுதிப்படுத்தினால்தான் படகு கிளம்பும். பக்கத்து ஊர் பேசாத நிலையில், கேட்டவரிடமே அந்த ஆளுக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். கேள்விகளை முன்கூட்டியே தாளில் எழுதி உறையில் வைத்திருக்கலாம். உயிர் போகும் அவசரத்தில் இந்த விதியை மீறலாமா என்பதற்கு என்னிடம் தொழில்நுட்பப் பதில் இல்லை. அது உங்கள் குழு இப்போதே பேசி முடிவெடுக்க வேண்டியது.

சிக்னலையே இரைச்சலால் மூழ்கடித்தால் எந்தச் சாவியும் உதவாது. இந்தியாவில் லோரா இயங்கும் 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனி உரிமம் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். அங்கே இன்னொருவர் இடைஞ்சல் தந்தால் உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் குறைவு. உரிமம் உள்ள ஹாம் நண்பர் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போர்டு தொலைந்தால் என்ன செய்வது என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஒரு சாவி செல்லாது என்று வலை முழுக்க அறிவிக்கும் வசதி மெஷ்டாஸ்டிக்கில் கிடையாது, ஒவ்வொருவரும் தன் போர்டில் அந்த நோடைப் புறக்கணிக்கும்படி அமைக்க வேண்டும். அதனால் சேனல் சாவியை இப்போதே இரண்டாக உருவாக்கி, ஒன்றைப் பயன்பாட்டில் வைத்து, மற்றதை உறையிலிட்டு ஒவ்வொரு ஊர்ப் பொறுப்பாளரிடமும் கொடுத்துவையுங்கள். போர்டு தொலைந்த செய்தி கட்டுப்பாட்டு அறையிலிருந்து நேர்ச்செய்தியாக வந்ததும் எல்லாரும் உறையைப் பிரித்து மாறிவிடலாம். ஒத்திகை பார்க்கும் நாளில், யாருக்கும் சொல்லாமல் ஒருவரிடம் உதிரிப் போர்டு ஒன்றைக் கொடுத்து, பொதுச் சேனலில் வேறொரு ஊரின் பெயரில் படகு கேட்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் அதைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், விதிகளில் எதை மாற்றலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.